60 ஜிபி சி டிரைவும் வழிமறிக்கும் டி டிரைவும்: பழைய ரெய்டு சர்வரில் ஒரு நிகழ்வு ஆய்வு

சர்வரின் நிலை

2011 வாக்கில் வாங்கிய, எட்டு டிஸ்க் பே, அதாவது டிஸ்க் செருகும் இடம், உள்ள ரேக் சர்வர். நான்கு பேக்களில் 300 ஜிபி, நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழலும் எஸ்ஏஎஸ் (சர்வர் ரக) டிஸ்க்குகள். மீதி நான்கும் காலி. எல்எஸ்ஐ 2108 சிப் வைத்த ரெய்டு கன்ட்ரோலர், 512 எம்பி கேஷ், அந்தக் கேஷுக்கு ஒரு பேட்டரி. நான்கு டிஸ்க்கும் சேர்ந்து ஒரே ரெய்டு 5 (ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவு போகாதபடி பரப்பி எழுதும் முறை), விண்டோஸுக்கு ஒரே டிஸ்க்காகத் தெரியும் ஒரே விர்ச்சுவல் டிஸ்க். கன்ட்ரோலர் ஒரு 300 ஜிபி டிஸ்க்கை 278.875 ஜிபி என்று எண்ணும். மூன்று டிஸ்க் அளவுதான் பயனுக்கு வரும் என்பதால் மொத்தம் 836.625 ஜிபி. ராம் 16 ஜிபி.

மேலே ஓடுவது விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2, சர்வீஸ் பேக் 1. டிஸ்க்கில் எம்பிஆர் என்ற பழைய வகைப் பார்ட்டிஷன் டேபிள், அதாவது எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல். முதலில் பூட் கோப்புகளுக்கான 100 எம்பி 'சிஸ்டம் ரிசர்வ்டு', அடுத்து 60 ஜிபி சி டிரைவ், அதை ஒட்டி 776.5 ஜிபி டி டிரைவ். டி டிரைவில் அலுவலகக் கோப்புகளும் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் தரவும் சுமார் 500 ஜிபி. அந்தக் காலத்தில் சர்வர் நிறுவியவர்கள் பெரும்பாலோர் போட்ட கோலம் இதுதான். சி டிரைவுக்கு 60 ஜிபி தாராளம் என்று அன்று நினைத்ததில் தவறில்லை.

இப்போது சி டிரைவில் மிச்சம் 210 எம்பி. ஈவென்ட் லாகில் 2013 என்ற எண்ணில் 'டிஸ்க் நிரம்பப் போகிறது' என்ற எச்சரிக்கை வரிசையாக நிற்கிறது. அப்டேட் போட்டால் 0எக்ஸ்80070070 என்ற பிழை. டிஸ்க்கில் இடமில்லை என்பதற்கான எண் அது. பிரிண்ட் வேலைகள் சி டிரைவின் ஸ்பூல் ஃபோல்டரில்தான் முதலில் எழுதப்படும், ஆகவே பெரிய பிரிண்ட்கள் பாதியில் செத்துப்போகின்றன. இவை எல்லாவற்றையும் விட மோசமானது, பேக்கப் பல நாட்களாக ஓடவில்லை. ஷேடோ காப்பி, அதாவது ஓடும் டிரைவின் அந்தக் கணத்து நிலைப் பிரதி, எடுக்க சி டிரைவில் இடமில்லாததால் அது தொடக்கத்திலேயே விழுந்துவிடுகிறது. இடம் தீர்ந்த சர்வரும் பேக்கப் இல்லாத சர்வரும் பெரும்பாலும் ஒரே சர்வராகவே இருக்கும்.

60 ஜிபியைத் தின்றது எது

ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைக்கும் பேஜ்ஃபைல் 16 ஜிபி, அதாவது ராம் அளவுக்குச் சமம். விண்டோஸ் கூறுகளின் பிரதிகளைச் சேர்த்து வைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் 11 ஜிபி. விண்டோஸ் டெம்ப் ஃபோல்டரில் 'கேப்' என்று தொடங்கும் பெயர்களில் 9 ஜிபி. எஸ்க்யூஎல் சர்வரின் டிரான்ஸாக்‌ஷன் லாக் ஒன்று புரோகிராம் ஃபைல்ஸுக்குள் 6 ஜிபி. விண்டோஸ் இன்ஸ்டாலர் ஃபோல்டர் 5 ஜிபி. விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸின் லாகுகள் 3 ஜிபி. எப்போதோ விழுந்த கிராஷின் மெமரி டம்ப் 1 ஜிபி. எஞ்சியது விண்டோஸ், புரோகிராம்கள், பயனர் புரொஃபைல்கள்.

இந்தப் பட்டியலில் கைவைக்கக் கூடியது, கூடாதது இரண்டும் உண்டு.

டெம்ப் ஃபோல்டரின் 9 ஜிபி ஒரு பழைய கோளாறின் கழிவு. விண்டோஸ் தன் நிறுவல் லாகை, சிபிஎஸ் லாக் என்பார்கள், அவ்வப்போது கேப் கோப்பாகச் சுருக்கி வைக்கும். லாக் 2 ஜிபியைத் தாண்டிவிட்டால் சுருக்கும் கருவி தோற்று, அரைகுறைக் கோப்பை டெம்ப்பில் விட்டுவிட்டுப் போகும். பிறகு மறுபடி முயலும், மறுபடி தோற்கும், ஒவ்வொரு முறையும் இன்னொரு அரைகுறைக் கோப்பு. கேப் கோப்புகளை மட்டும் அழித்தால் சில நாளில் திரும்ப நிரம்பும். முதலில் டிரஸ்டட் இன்ஸ்டாலர் சர்வீஸை நிறுத்தி, விண்டோஸ் லாக்ஸின் சிபிஎஸ் ஃபோல்டரில் 'சிபிஎஸ் பெர்சிஸ்ட்' என்று தொடங்கும் பெரிய லாக் கோப்புகளை அழித்து, அதற்குப் பிறகே டெம்ப்பைக் கூட்ட வேண்டும்.

எஸ்க்யூஎல் லாக் பெருத்ததற்குக் காரணம் எளிது. ரிகவரி மாடல் 'ஃபுல்' என்று இருக்கிறது, அதில் லாக் பேக்கப் எடுக்கும் வரை பழைய பதிவுகள் நீங்காது; அந்த லாக் பேக்கப்பை யாரும் எடுக்கவில்லை. லாக் பேக்கப் ஒன்று எடுத்து, லாக் கோப்பைச் சுருக்கினால் 6 ஜிபி அரை ஜிபிக்கு வந்துவிடும். லாக் பேக்கப்பை அட்டவணையில் சேர்க்காவிட்டால் திரும்பவும் வளரும். ஐஐஎஸ் லாகுகளை விண்டோஸ் தானாக அழிப்பதே இல்லை. டி டிரைவுக்கு நகர்த்தி, லாக் எழுதும் இடத்தையும் அங்கேயே மாற்றிவிடலாம்.

வின்எஸ்எக்ஸ்எஸ்ஸை எக்ஸ்புளோரரில் பார்த்தால் தெரியும் அளவு நிஜ அளவை விடக் கூடுதல். அதிலுள்ள பல கோப்புகள் சிஸ்டம்32-இல் இருப்பவற்றின் ஹார்டு லிங்க்தான். இரண்டு இடத்தில் தெரியும், ஒரு இடத்தைத்தான் பிடிக்கும். கையால் அழிக்கவே கூடாது. டிஸ்ம் கருவியில் 'எஸ்பி சூப்பர்சீடட்' தேர்வைக் கொடுத்தால் சர்வீஸ் பேக்குக்கு முந்தைய பழைய பிரதிகள் போகும், அதற்குப் பிறகு சர்வீஸ் பேக்கைக் கழற்ற முடியாது. இந்த வயதில் யாரும் கழற்றப் போவதில்லை. இன்ஸ்டாலர் ஃபோல்டரில் புரியாத பெயர்களில் இருக்கும் கோப்புகளையும் தொடக்கூடாது. இன்று அழித்தால் இன்று ஒன்றும் ஆகாது. ஒரு வருடம் கழித்து ஒரு புரோகிராமைக் கழற்றவோ மேம்படுத்தவோ போகும்போது மூலக்கோப்பு எங்கே என்று அது கேட்கும்.

சி டிரைவ் முழுவதையும் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல்சிஸ்டம்) கம்ப்ரஷன் செய்யலாமே என்று தோன்றும். சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷன் இல்லாமல் பூட் கோப்பும் சி டிரைவிலேயே இருக்கும் சர்வரில் அப்படிச் செய்தால், அடுத்த முறை சர்வர் எழும்போது 'பூட்மேனேஜர் சுருக்கப்பட்டிருக்கிறது' என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும்.

இந்தச் சுத்தத்தில், ரீஸ்டார்ட் செய்யாமலே சுமார் 18 ஜிபி கிடைத்தது. உண்மையில் இப்படிப்பட்ட வழக்குகளில் பாதி இங்கேயே முடிந்துவிட வேண்டும். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-க்கு 2020 ஜனவரி 14 அன்றே பொது ஆதரவு முடிந்துவிட்டது. புதிய அப்டேட் வராத சிஸ்டத்தில் வின்எஸ்எக்ஸ்எஸ் இனி வளராது. சில மாதங்களில் சர்வரை மாற்றப்போகிறார்கள் என்றால் சுத்தம் செய்துவிட்டு விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். இங்கே அப்படி விட முடியாததற்குக் காரணம், ஓடிக்கொண்டிருக்கும் வணிக மென்பொருளின் அடுத்த பதிப்பு சி டிரைவில் மட்டுமே ஏறும், அதற்கு 25 ஜிபி காலி இடம் வேண்டும், சர்வர் மாற்றம் இன்னும் இரண்டு வருடம் தள்ளி.

பேஜ்ஃபைலை டி டிரைவுக்கு மாற்றினால் 16 ஜிபி கிடைக்குமே என்ற கேள்வி வரும். கிடைக்கும்தான். ஆனால் அதற்கு ரீஸ்டார்ட் வேண்டும். பல வருடமாக ஓடிய சர்வரை நிறுத்தி எழுப்புவது இந்த வயதில் சின்ன விஷயமில்லை. அது மறுபடி சரியாக எழும் என்று உத்தரவாதமும் இல்லை. பேக்கப் கையில் இல்லாமல் ரீஸ்டார்ட் பட்டனைத் தொடக்கூடாது. சி டிரைவில் பேஜ்ஃபைலே இல்லாமல் செய்தால், கிராஷ் ஆகும்போது டம்ப் எழுத இடம் இருக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். 'டெடிகேட்டட் டம்ப் ஃபைல்' என்ற ரெஜிஸ்ட்ரி மதிப்பை வைத்து டம்ப்பை வேறு டிரைவுக்கு அனுப்பலாம்.

முதலில் பேக்கப்

சி டிரைவில் இடம் குறைவாக இருக்கும்போதும் ஷேடோ காப்பிக்கு வழி உண்டு. விஎஸ்எஸ் அட்மின் கருவியில் 'ஆட் ஷேடோ ஸ்டோரேஜ்' கட்டளையால், சி டிரைவுக்கான ஷேடோ இடத்தை டி டிரைவில் ஒதுக்கலாம். 500 எம்பிக்குக் குறைவான பார்ட்டிஷன்களில் ஷேடோ காப்பிக்கு 50 எம்பி காலியாக இருக்க வேண்டும். 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டில் அது இல்லாமல் போவதும் பேக்கப் விழ ஒரு காரணம். சி டிரைவையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும்போது இதைப் பலர் பார்ப்பதில்லை.

பிறகு விண்டோஸின் பேக்கப் கட்டளையான டபிள்யூபி அட்மினில் 'ஆல் கிரிட்டிகல்' தேர்வோடு வெளி டிஸ்க்குக்கு ஒரு முழு பேக்கப். டி டிரைவுக்குத் தனியாக இன்னொன்று. எடுத்த பேக்கப்பிலிருந்து நான்கைந்து கோப்புகளை வேறு இடத்தில் மீட்டுத் திறந்து பார்த்த பிறகே அதைப் பேக்கப் என்று சொல்ல வேண்டும். எஸ்க்யூஎல் தரவுத்தளங்களுக்கு அதன் சொந்த பேக்கப்பும் தனியாக. டி டிரைவின் ஷேர் பட்டியல் ரெஜிஸ்ட்ரியில் லேன்மேன் சர்வர் சர்வீஸின் 'ஷேர்ஸ்' கீயில் இருக்கிறது. அதை ஏற்றுமதி செய்து வைத்தால் பின்னால் ஒரு மணி நேரம் மிச்சம்.

ரெய்டின் உடல்நிலை

பார்ட்டிஷனைத் தொடும் முன் கீழ்த்தளம் உறுதியா என்று பார்க்க வேண்டும். ரெய்டு கன்ட்ரோலரைக் கையாளும் மெகாசிஎல்ஐ கருவியின் டிஸ்க் பட்டியலில் பார்க்க வேண்டியவை மூன்று எண்கள்: மீடியா எரர் (படிக்க முடியாத செக்டர்), அதர் எரர், பிரெடிக்டிவ் ஃபெயிலியர் (விரைவில் கெடும் என்ற முன்னறிவிப்பு). இந்தச் சர்வரில் ஸ்லாட் 2-இன் மீடியா எரர் 37. மற்ற மூன்றும் பூஜ்யம். விளக்கு எல்லாவற்றிலும் பச்சை. கன்ட்ரோலர் ஒரு டிஸ்க்கைத் தூக்கி வெளியே போட முடிவு செய்யும் வரை விளக்கு பச்சையாகத்தான் எரியும். பேட்டரி பழுது என்பதால் கேஷ் 'ரைட் த்ரூ' நிலைக்கு, அதாவது கேஷில் நிறுத்தாமல் நேரே டிஸ்க்கில் எழுதும் நிலைக்கு, இறங்கியிருக்கிறது. எழுதும் வேகம் குறைந்தது அதனால்தான்.

மீடியா எரர் ஏன் முக்கியம் என்றால், ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போய், அதன் தரவைப் புதிய டிஸ்க்கில் கட்டியெழுப்பும் ரீபில்டு நடக்கும்போது மற்ற மூன்று டிஸ்க்கையும் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை படித்தாக வேண்டும். வருடக்கணக்கில் யாரும் படிக்காத மூலையில் ஒரு கெட்ட செக்டர் ஒளிந்திருந்தால் அது அப்போதுதான் வெளியே வரும். அதே பட்டையில் (டிஸ்க்குகளின் குறுக்கே சேர்த்து எழுதப்படும் ஒரு துண்டு) இரண்டு டிஸ்க்கில் பழுது என்றால் அந்தப் பட்டை பாழ். எல்எஸ்ஐ வகைக் கன்ட்ரோலர்கள் அதை 'பங்ச்சர்' என்று குறித்துவிட்டு ரீபில்டைத் தொடரும். முடிந்ததும் எல்லாம் நலம் என்று காட்டும், பங்ச்சரோ உள்ளேயே இருக்கும். விர்ச்சுவல் டிஸ்க்கை அழித்து மறுபடி உருவாக்கினால் ஒழிய அது போகாது.

ஆகவே முதல் வேலை கன்சிஸ்டன்சி செக், அதாவது எல்லா டிஸ்க்கையும் முழுவதும் படித்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. அது முடிந்ததும் ஸ்லாட் 2-ஐ மாற்றுவது. சுழன்றுகொண்டிருக்கும் டிஸ்க்கை அப்படியே உருவக் கூடாது. மெகாசிஎல்ஐயில் ஆஃப்லைன், பிறகு 'மார்க் மிஸ்ஸிங்', பிறகு கழற்றத் தயார் செய்யும் கட்டளை, இந்த வரிசையில் கொடுத்து, சுழற்சி நின்ற பிறகு உருவ வேண்டும். எந்த ஸ்லாட் என்று சந்தேகம் இருந்தால் விளக்கை மினுக்கும் கட்டளை இருக்கிறது. தவறான டிஸ்க்கை உருவிய கதைகள் எல்லாம் ஸ்லாட் எண் 0-இல் தொடங்கும் என்பதை மறந்ததில் தொடங்குபவை. புதிய டிஸ்க் 300 ஜிபியோ அதற்கு மேலோ இருக்கலாம், கன்ட்ரோலர் எண்ணும் 278.875 ஜிபியை விடக் குறைந்தால் ஏற்காது. ரீபில்டு விநாடிக்கு 60 எம்பி வேகத்தில் ஓடினால் 300 ஜிபிக்கு சுமார் 83 நிமிடம். ரீபில்டு ரேட் இயல்பாக 30 சதவீதம்தான், மேலே சர்வர் வேலை செய்துகொண்டிருக்கும், ஆகவே நான்கைந்து மணி நேரம் ஒதுக்குவது நியாயம். பேட்டரியையும் பிறகு சர்வரை அணைக்கும்போது மாற்றிவிடலாம். அது முழுச் சார்ஜ் ஏறும் வரை கேஷ் 'ரைட் த்ரூ'விலேயே இருக்கும்.

பெரிய டிஸ்க் ஏன் விடையாகாது

நான்கு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாக 600 ஜிபி டிஸ்க்குகளாக மாற்றி, நான்கு முறை ரீபில்டு செய்து, விர்ச்சுவல் டிஸ்க்கை விரிப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. கன்ட்ரோலர் அளவில் இது நடக்கும், எல்டி எக்ஸ்பான்ஷன் என்றே கட்டளை இருக்கிறது. 836 ஜிபி 1,675 ஜிபியாகும். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால், புதிய இடம் முழுவதும் டி டிரைவுக்குப் பின்னால் நிற்கும். சி டிரைவின் 'எக்ஸ்டெண்ட்' சாம்பல் நிறத்திலேயே இருக்கும்.

காரணம், இங்கே மாடி மாடியாக நான்கு அடுக்கு. டிஸ்க்குகள், அவற்றின் மேல் விர்ச்சுவல் டிஸ்க், அதன் மேல் பார்ட்டிஷன், அதன் மேல் ஃபைல்சிஸ்டம். கீழடுக்கில் கூட்டிய இடம் மேலடுக்குக்குத் தானாக ஏறாது. விண்டோஸ் ஒரு பேசிக் டிஸ்க் பார்ட்டிஷனை அதன் வலப்பக்கம் ஒட்டிய காலி இடத்துக்குள் மட்டுமே நீட்டும். சி டிரைவின் வலப்பக்கத்தில் டி டிரைவ் குறுக்கே நிற்கிறது. நான்கு இரவு, நான்கு ரீபில்டு, ஒவ்வொன்றிலும் பழைய டிஸ்க்குகளை ஓரம் முதல் ஓரம் வரை படிக்கும் அபாயம், எல்லாம் முடிந்து சி டிரைவுக்குக் கிடைப்பது சுழி.

ஐந்தாவது டிஸ்க்கைச் சேர்த்து விரிப்பதும் இதே முடிவுக்குத்தான் போகும். கூடுதலாக, அந்த ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் ஒருமுறை தொடங்கினால் நிறுத்த வழியில்லை, நாட்கணக்கில் ஓடும். ஒரே டிஸ்க் குழுவை இரண்டு விர்ச்சுவல் டிஸ்க்காக வெட்டி வைத்திருக்கும் சர்வர்களில் கன்ட்ரோலர் இதைச் செய்யவே மறுக்கும். 1.2 டிபி டிஸ்க் போட்டால் இன்னொரு சுவர். எம்பிஆர் டேபிள் செக்டரை 32 பிட்டில் எண்ணுகிறது, ஒரு செக்டர் 512 பைட், ஆகவே 2,048 ஜிபிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. பழைய பயாஸ் சர்வரில், எம்பிஆருக்கு மாற்றான ஜிபிடி டேபிள் உள்ள டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் எழாது.

டி டிரைவைச் சுருக்கினால்? விண்டோஸ் சுருக்குவது எப்போதும் வலது முனையில். டி டிரைவின் தொடக்கம் நகராது, சி டிரைவுக்குப் பக்கத்தில் இடம் வராது. இங்கே சிலர் டிஸ்க் மேனேஜ்மென்ட் கேட்கும் 'டைனமிக் டிஸ்க்காக மாற்றவா' என்ற கேள்விக்கு ஆம் சொல்லிவிடுகிறார்கள். பூட் ஆகும் டிரைவை டைனமிக்கில் சிதறலாக நீட்ட முடியாது, பேசிக்குக்குத் திரும்பவும் எளிய வழியில்லை.

ஜிபார்ட்டெட் போன்ற கருவியில் டி டிரைவையே வலப்பக்கம் நகர்த்தலாம். அது 500 ஜிபி தரவையும் துண்டு துண்டாக எடுத்து வைக்கும் வேலை. பாதியில் மின்சாரம் போனால் டி டிரைவின் தலை ஓரிடம், உடல் ஓரிடம். பேட்டரி பழுதான ரெய்டு 5-இல் இதைச் செய்யத் துணிவது சரியில்லை.

டி டிரைவை பேக்கப் எடுத்து, அழித்து, சி டிரைவை நீட்டி, டி டிரைவை மறுபடி உருவாக்கித் தரவை மீட்பது நேர்மையான வழி. நீட்டுவதற்கு ஆவது சில விநாடிகள். கிகாபிட் நெட்வொர்க்கில் விநாடிக்கு 110 எம்பி என்று வைத்தால் 500 ஜிபி மீட்க சுமார் 76 நிமிடம். லட்சக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் அதைப் போல் சில மடங்கு. காலி பே இல்லாத சர்வரில் இதையே செய்யச் சொல்லலாம். மீட்கும்போது ரோபோகாப்பியில் 'காப்பி ஆல்' தேர்வு விட்டுப்போனால் அனுமதிகள் எல்லாம் போய்விடும்.

இந்தச் சர்வரில் நான்கு பே காலி. அதனால் தேர்வு வேறு: இரண்டு 480 ஜிபி எஸ்எஸ்டிகளை ரெய்டு 1-ஆகப் புதிதாகப் போட்டு, சிஸ்டத்தை மட்டும் அங்கே குடிமாற்றுவது. பழைய ரெய்டை நீட்டவோ நகர்த்தவோ தேவையில்லை. வேலை கெட்டால் திரும்பிப் போக பழைய சி டிரைவ் அப்படியே இருக்கும். பழைய டிஸ்க்குகளிலிருந்து படிக்க வேண்டியது 45 ஜிபிக்கும் குறைவு.

மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் இவற்றை மாட்டினால் இன்னும் எளிதாகத் தோன்றும். ஆனால் விண்டோஸ் அந்தப் போர்ட்டின் டிரைவரை பூட் நேரத்தில் ஏற்றப் பழகவில்லை. 7பி என்ற நீலத்திரையில் போய் நிற்கும். அதே ரெய்டு கன்ட்ரோலரில் மாட்டினால் டிரைவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இந்தக் காலத்துக் கன்ட்ரோலர்கள் எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளையைக் கீழே அனுப்பாது, ஆகவே எஸ்எஸ்டியில் ஒரு பகுதியைப் பார்ட்டிஷன் போடாமல் விட வேண்டும். மின் இழப்புப் பாதுகாப்பு உள்ள சர்வர் ரக எஸ்எஸ்டியே வேண்டும். 4கே நேட்டிவ் செக்டர் டிஸ்க் எதையும் இந்தச் சர்வரில் வாங்கிப் போடக்கூடாது; 2008 ஆர்2 அதை அறியாது. டிஸ்க் பே இடத்தில் பொருந்தும் டிரேக்களையும் கூடவே வாங்க வேண்டும், அவை டிஸ்க்கோடு வருவதில்லை.

குடிமாற்றம்

விர்ச்சுவல் டிஸ்க்கை உருவாக்கும் திரையில்தான் முழு வேலையின் மிக ஆபத்தான ஒரு நிமிடம் இருக்கிறது. கன்ட்ரோலரின் சொந்த அமைப்புத் திரையான வெப்பயாஸின் வழிகாட்டி மூன்று தேர்வு காட்டும்: கிளியர், நியூ, ஆட். புதிதாக ஒன்று உருவாக்கப்போகிறோம் என்று 'நியூ'வைத் தொட்டால் இருக்கும் ரெய்டு அமைப்பு போய்விடும். 'ஆட்' மட்டுமே. இனிஷியலைஸ் கேட்கும்போது எந்த விர்ச்சுவல் டிஸ்க் என்பதை எண்ணால் அல்ல, அளவால் உறுதி செய்ய வேண்டும்: 446 ஜிபி புதியது, 836 ஜிபி பழையது. எஸ்எஸ்டி ஏற்கெனவே வேறு சர்வரில் ஓடியதாக இருந்தால் 'ஃபாரின்' என்று காட்டும். அதை இறக்குமதி செய்யாமல் அழிக்கலாம். ஆனால் பழைய நான்கு டிஸ்க்கில் ஏதாவது ஃபாரின் என்று தெரிந்தால் எதையும் அழிக்காமல் கையை எடுத்துவிட வேண்டும்.

விண்டோஸ் சர்வர் பேக்கப்பிலிருந்தே புதிய டிஸ்க்கில் மீட்டுவிடலாமே என்றால், இங்கே அது மறுக்கும். அது பார்ப்பது சி டிரைவின் 60 ஜிபியை இல்லை, அந்த டிரைவ் இருந்த டிஸ்க்கின் 836 ஜிபியை. மீட்கும் டிஸ்க் அதைவிடச் சிறியது என்றால் ஒப்பாது. அதனால் நிறுவாமலே எழுப்பும் லினக்ஸ் லைவ் டிஸ்க்கும், என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை நகலெடுக்கும் என்டிஎஃப்எஸ்குளோன் கருவியும்.

சர்வரை அணைக்கும் முன் சி டிரைவுக்கு செக்டிஸ்க் ஓட்டி முடிக்க வேண்டும். அழுக்கான ஃபைல்சிஸ்டத்தைக் குளோன் கருவி தொடாது. எஸ்க்யூஎல் சர்வீஸ்களை 'மேனுவல்' என்று மாற்றி வைக்க வேண்டும், காரணம் சற்றுப் பின்னால்.

லைவ் லினக்ஸில் முதல் வேலை பழைய டிஸ்க்கின் முதல் 512 பைட்டை யுஎஸ்பியில் பிரதி எடுப்பது. அடுத்து அதே 512 பைட்டைப் புதிய டிஸ்க்கில் எழுதுவது. இதனால் பூட் கோடு, டிஸ்க் சிக்னேச்சர் (டிஸ்க்கின் அடையாள எண்), பார்ட்டிஷன் டேபிள் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். புதிய டிஸ்க்கின் டேபிளிலிருந்து டி டிரைவின் பதிவை மட்டும் நீக்க வேண்டும், அது இந்த டிஸ்க்கின் எல்லையைத் தாண்டுகிறது. இப்போது இரண்டு டிஸ்க்கிலும் சிஸ்டம் ரிசர்வ்டு 2,048-ஆவது செக்டரில் தொடங்குகிறது, சி டிரைவ் 206,848-இல். இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருப்பது அவசியம். என்டிஎஃப்எஸ் பூட் செக்டருக்குள்ளேயே தன் தொடக்க இடம் எழுதப்பட்டிருக்கிறது. விண்டோஸின் பூட் பதிவும் டிரைவ் எழுத்துப் பதிவும் சிக்னேச்சரையும் தொடக்க இடத்தையும் வைத்துத்தான் பார்ட்டிஷனை அடையாளம் காண்கின்றன.

பிறகு இரண்டு பார்ட்டிஷனையும் என்டிஎஃப்எஸ்குளோனால் நகலெடுப்பது. பயன்பாட்டில் உள்ள கிளஸ்டர்களை மட்டும் எடுப்பதால் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கட்டளையில் இலக்கு முதலில், மூலம் பிறகு. மாற்றி அடித்தால் பழைய சிஸ்டமே எழுதப்படும் இடமாகிவிடும். எழுதி வைத்து, இன்னொருவரைப் படிக்கச் சொல்லி, அதற்குப் பிறகு என்டர்.

கடைசியாக, பழைய டிஸ்க்கின் சிக்னேச்சரை எஃப்டிஸ்க்கின் நிபுணர் பகுதியில் வேறொன்றாக மாற்ற வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். இரண்டு டிஸ்க்கும் ஒரே சிக்னேச்சரோடு எழுந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும்; அது டி டிரைவ் இருக்கும் டிஸ்க்காக இருக்கும். மாறாக, புதிய டிஸ்க்குக்குப் புதுச் சிக்னேச்சர் கொடுத்தால் இன்னும் மோசம். விண்டோஸ் புதிய டிஸ்க்கிலிருந்து எழுந்தாலும் 'சி' என்ற எழுத்தைப் பழைய பார்ட்டிஷனுக்கே கொடுத்துவிடும். லாகின் ஆன பின் டெஸ்க்டாப் வராமல் தொங்கும். பழைய அடையாளம் புதிய டிஸ்க்குக்கு, புது அடையாளம் பழைய டிஸ்க்குக்கு என்று இடம் மாற்றினால் சி டிரைவ் தானாகச் சரியாக அமர்கிறது. திரும்பிப் போக நேர்ந்தால் யுஎஸ்பியில் உள்ள 512 பைட்டைத் திரும்ப எழுதினால் போதும்.

கன்ட்ரோலரில் பூட் டிரைவைப் புதிய விர்ச்சுவல் டிஸ்க்குக்கு மாற்றி எழுப்ப வேண்டும்.

எழுந்த பிறகு

முதல் முறை எழும்போது டி டிரைவ் வேறு எழுத்தில் வரலாம், எழுத்தே இல்லாமலும் வரலாம். சிக்னேச்சர் மாறியதால் விண்டோஸுக்கு அது அறிமுகமில்லாத வால்யூம். எஸ்க்யூஎல் சர்வீஸை மேனுவலில் வைத்தது இதற்காக. தரவுக் கோப்பு இல்லாத நிலையில் அது எழுந்தால் தரவுத்தளங்களைப் பழுது என்று குறித்துவிடும். ஈவென்ட் லாகில் 2511 வரிசையாக வரும், ஷேர் ஃபோல்டர் காணோம் என்பது அதன் பொருள். டிஸ்க் மேனேஜ்மென்டில் பழைய சி பார்ட்டிஷனின் எழுத்தை எடுத்துவிட்டு, டி என்ற எழுத்தை உரிய வால்யூமுக்குக் கொடுத்து, ஒரு ரீஸ்டார்ட். ஷேர்கள் தானாகத் திரும்பும். எஸ்க்யூஎல் சர்வீஸைப் பழையபடி தானியங்கியாக மாற்றலாம்.

டிஸ்க்பார்ட்டில் சி வால்யூமைத் தேர்ந்து, எக்ஸ்டெண்ட் கட்டளையில் 143,360 எம்பி. சி டிரைவ் 200 ஜிபி ஆனது, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நொடிப்பொழுதில். இவ்வளவு பாடும் அந்த ஒரு வரிக்காகத்தான். எஸ்எஸ்டியில் மீதி 246 ஜிபி வேண்டுமென்றே காலி. ட்ரிம் இல்லாத இடத்தில் எஸ்எஸ்டியின் மூச்சு அந்தக் காலி இடம்தான். நாளைக்கு சி டிரைவ் மறுபடி நெருக்கினால் நீட்ட வலப்பக்கமும் திறந்தே இருக்கிறது. ஆசைப்பட்டு அங்கே ஒரு ஈ டிரைவ் போட்டால் பழைய கதை திரும்பும்.

அணைத்ததிலிருந்து பயனர்கள் உள்ளே வரும் வரை இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் தாராளம்.

மறுநாள்தான் தெரியவரும் ஒரு குறை உண்டு. டி டிரைவின் தினசரி ஷேடோ காப்பி அட்டவணை வேலை செய்யாது. அந்த அட்டவணை வால்யூமின் உள் அடையாள எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது, அந்த எண் இப்போது மாறிவிட்டது. பழைய அட்டவணையை அழித்துப் புதிதாகப் போட வேண்டும். பேக்கப் அட்டவணையையும் திறந்து, டி டிரைவ் அதில் உண்மையாகவே தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விஎஸ்எஸ் அட்மினில் ரைட்டர்கள் (ஷேடோ காப்பிக்கு மென்பொருள்களைத் தயார்செய்யும் பகுதிகள்) பட்டியலைக் கேட்டு எல்லாம் 'ஸ்டேபிள்' என்று வந்தால் ஒரு முழு பேக்கப் ஓட்டலாம். சில சர்வர்களில் கன்ட்ரோலர் தன் பட்டியலில் இல்லாத எஸ்எஸ்டியைக் கண்டதும் விசிறிகளை முழு வேகத்தில் ஓட விடும். ஃபார்ம்வேர் அப்டேட்டில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். வாங்கும் முன் அந்தக் கன்ட்ரோலருக்கான பொருத்தப் பட்டியலைப் பார்ப்பதே மருந்து.

லினக்ஸில் எல்விஎம் (டிஸ்க்குகளை ஒரே குவியலாக்கிப் பகிரும் அடுக்கு) மேல் சிஸ்டம் இருந்தால் இந்த அவதியில் பாதி இல்லை. புதிய டிஸ்க்கை வால்யூம் குரூப்பில் சேர்த்து, எல்விஎக்ஸ்டெண்டும் அதன்பின் ஃபைல்சிஸ்டத்துக்குரிய நீட்டும் கட்டளையும் கொடுத்தால் போதும், இடம் ஒட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் என்றால் நீட்டலாம், சுருக்க முடியாது என்பதை மட்டும் முன்பே எண்ண வேண்டும். ரெய்டு அடுக்கின் அபாயங்கள் அங்கேயும் இதே அபாயங்கள்தான்.

பழைய சி டிரைவை இரண்டு வாரம் தொடாமல் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த 60 ஜிபியை டி டிரைவோடு சேர்க்கலாம் என்று நினைத்தால், முடியாது: அது டி டிரைவின் இடப்பக்கம் இருக்கிறது, விண்டோஸ் இடப்பக்கம் நீட்டாது. அதை ஃபார்மேட் செய்து டி டிரைவின் ஷேடோ காப்பிகளுக்கான இடமாக ஒதுக்கினால் டி டிரைவில் அந்த அளவு இடம் மிச்சமாகும்.